யாம் என்ற வாய் யான் என்றபோது

பள்ளிக்கூடக் கலைவிழாவில் வேறு எது விடுபட்டாலும் வழக்குரைத்த கண்ணகி விடுபடாது. தமிழாசிரியர் பழக்குவார், மேல்வகுப்பு மாணவன் ஒருவன் பாண்டியனாக வருவான், வசனக் கொப்பி வகுப்புக்கு வகுப்புக் கைமாறும். அந்தக் கொப்பியை இந்த மலரின் வாசகர்கள் பலர் கையில் பிடித்திருப்பீர்கள். ஒவ்வொரு ஆண்டும் யாரோ ஒருவர் விளங்காத சொல்லை வெட்டி, அதன் மேலே விளங்குகிற சொல்லை எழுதிவைப்பார். வெட்டியவர்களில் ஒருவரும் தீங்கு நினைத்தவர் இல்லை. ஆனால் பத்துக் கைகள் பட்ட பிறகு, இளங்கோவடிகள் அரண்மனைக்கு அனுப்பிய பெண் ஒரு வழக்கையும், கொப்பியில் இருந்த பெண் வேறொரு வழக்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கோலாலம்பூரில் பிறந்த நம் பிள்ளைகள் அதே காட்சியைப் பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையிலுள்ள கலாமண்டபம் போன்றதொரு மேடையில் ஏற்ற விரும்பினால், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கிள், இதை ஈசியான தமிழுக்கு மாத்திடலாமா?" என்பதுதான். மாற்றலாம். சில சொற்களை மாற்றித்தான் ஆகவேண்டும். எந்தச் சொல்லைத் தொட்டால் எது கூடவே போகும் என்று தெரிந்துகொண்டு மாற்றவேண்டும், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு காட்சியே போதும்.

வழக்குரை காதை, சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் 20ஆவது. 81 அடி அகவல், இறுதியில் வெண்பாக்கள். ‘தேரா மன்னா’ என்பது 50ஆம் அடி. ‘கெடுக என் ஆயுள்’ என்பது 77ஆம் அடி. நடுவில் ஓர் அரசனின் உயிரும் ஒரு நாட்டின் நீதியும் முடிந்துவிடுகின்றன. 28 அடிகள். நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பெரிதாகப் போகாது.

அரசன் பேசுவதை மட்டும் தனியே எடுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கண்ணகியைக் கண்டதும் அவன் கேட்பது: "நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய், யாரையோ நீ மடக்கொடியோய்?" எம்முன் என்கிறான். என்முன் என்று சொல்லவில்லை. பிறகு, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே." இங்கே யாம். சிலம்பு உடைகிறது. மாணிக்கம் அவன் வாயருகே தெறிக்கிறது. அதைப் பார்த்ததும், "பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன், யானே கள்வன்." அடுத்து, "என்முதல் பிழைத்தது, கெடுக என் ஆயுள்." எம், யாம் என்று அரியணையிலிருந்து பேசிய வாய், யான், யான், என், என் என்று தரைக்கு வந்துவிட்டது. குடை தாழ்ந்தது, செங்கோல் தளர்ந்தது என்று இளங்கோ சொல்லியும் விடுகிறார். ஆனால் அவர் சொல்வதற்கு வெளியே, அரசனின் வாயிலேயே அரசு கழன்று விழுகிறது. நடிப்பவனுக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேறு வேண்டாம்.

கொப்பியில் என்ன நடந்தது? ‘என் முன்னால் வந்திருக்கும் பெண்ணே’, ‘என்னிடம் இருக்கும் சிலம்பில் முத்துகள் உள்ளன’, ‘நானா அரசன், நானே கள்வன்.’ ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரியான மொழிபெயர்ப்பு. மூன்றையும் சேர்த்து வைத்தால், அரசன் தொடக்கம் முதலே ‘நான்’. விழுவதற்கு உயரமே இல்லை. அதனால் பாண்டியனாக நடிக்கும் பையன் அந்த வீழ்ச்சியைத் தன் தொண்டையால் காட்டப் பார்க்கிறான். கத்துகிறான், நெஞ்சில் அடிக்கிறான், கிரீடத்தைக் கழற்றி எறிகிறான். சொல்லில் எடுத்ததை உடம்பால் ஈடுசெய்ய முடியாது.

திருத்தம் மிக எளிது. ‘நம் முன் வந்தவளே’, ‘நம்மிடம் உள்ள சிலம்பு’, பிறகு ‘நானோ அரசன்? நானே கள்வன்.’ யாம் என்பதை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை, அரசர்கள் ‘நாம்’ என்று பேசுவது நம் காதுக்குப் பழகியது. மலேசியப் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. மலாயில் அரசர் தம்மைப் ‘பேத்தா’ என்று சொல்வதும், குடிகள் அவரைத் ‘துவாங்கு’ என்று அழைப்பதும் இந்நாட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். ஆக்கு என்றால் வெறும் ‘நான்’. "பேத்தா என்று தொடங்கியவர் ஆக்கு என்று முடிக்கிறார்" என்று சொன்னால், பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்த இடம் விளங்கும். மலாய் நண்பர்களுக்காக மேலே திரையில் மொழிபெயர்ப்பு ஓடவிடுவதானால் அங்கும் இதையே செய்யுங்கள். எல்லா இடத்திலும் பொதுவான ‘நான்’ ஆகிய ‘சாயா’ என்று போட்டால் தமிழில் காப்பாற்றியது திரையில் போய்விடும். கண்ணகிக்குப் ‘பாத்தேக்’ போடவேண்டாம். அது குடிமகள் தன்னைத் தாழ்த்திச் சொல்லும் சொல், அவளை மனுக் கொடுக்க வந்தவளாக்கிவிடும்.

அடுத்தது கண்ணகியின் முதல் சொல். ‘தேரா மன்னா.’ தேர்தல் என்றால் ஆராய்தல். தேரா மன்னன், ஆராயாத மன்னன். பெரும்பாலான கொப்பிகளில் இது ‘நீதி தவறிய மன்னனே’ என்றோ ‘கொடுங்கோல் மன்னனே’ என்றோ மாறியிருக்கும். கேட்பதற்குச் சூடாக இருக்கிறது, கைதட்டும் கிடைக்கிறது. ஆனால் குற்றச்சாட்டே மாறிவிட்டது.

அவள் முறை தவறியதைப் பற்றிப் பேசவே இல்லையா? பேசுகிறாள், வாயிற்காவலனிடம். "அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து இறைமுறை பிழைத்தோன் வாயிலோயே" என்று வெளியே நின்று சொல்கிறாள். உள்ளே போய் அரசன் முகத்தைப் பார்த்ததும், அத்தனை அடைமொழியையும் விட்டுவிட்டு நிரூபிக்கக்கூடிய ஒரே குற்றத்தை மட்டும் எடுக்கிறாள்: நீ ஆராயவில்லை. அதற்கு அரசன் சொல்லும் பதில், "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று, வெள்வேல் கொற்றம் காண்." கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அது அரசநீதி என்கிறான். கடுங்கோல் என்று யார் சொன்னார்கள்? அவள் சொல்லவில்லை. சொல்லாத குற்றத்துக்கு அரசன் பதில் சொல்கிறான், சொன்ன குற்றத்துக்கு அவனிடம் பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் அவள் சிலம்பை நுழைக்கிறாள். ‘கொடுங்கோல் மன்னனே’ என்று அவள் வாயில் நாமே போட்டுவிட்டால் அரசனின் பதில் பொருத்தமான பதிலாகிவிடுகிறது, வாதம் சரிசமமாகிவிடுகிறது. பிறகு சிலம்பு வருவது ஏதோ புதிய சாட்சி கிடைத்ததுபோல் இருக்கும்.

இன்னொன்று. இதே சொல் முன்னரும் வந்திருக்கிறது. கொலைக்களக் காதையில், பொற்கொல்லன் சொல்லை அரசன் கேட்டுக் கட்டளையிடும் இடத்தில், "சினையலர் வேம்பன் தேரான் ஆகி" என்று கதைசொல்லி சொல்கிறார். அந்தத் ‘தேரான்’தான் பிறகு கண்ணகி வாயில் ‘தேரா மன்னா’ என்று திரும்புகிறது. முதல் இடத்தில் அவள் இல்லை, ஆனாலும் அவள் அச்சொட்டாகத் தொட்டுவிடுகிறாள். முன்காட்சியையும் சேர்த்து நடிப்பதானால் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல் வேண்டும். ‘ஆராயாதவனாய்’, ‘ஆராயா மன்னா’ என்று வைக்கலாம். ‘தேரா மன்னா’வையே விட்டு, முன்காட்சியில் ‘தேர்ந்து பாராமல்’ என்று வைப்பது அதைவிட நல்லது. தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்குத் தேர்தல் என்ற வேர் அந்நியமில்லை. அந்தக் கட்டளையிலுள்ள ‘கையது ஆகில்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் என்று ஒரு நிபந்தனை அதில் உண்டு. ‘கள்வனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள்’ என்று சுருக்கினால் அரசன் வெறும் கொலைகாரனாகிவிடுவான்.

கள்வன் என்ற சொல்லும் இப்படித்தான். "காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்?" என்று கண்ணகி ஞாயிற்றைக் கேட்கிறாள். "கள்வனோ அல்லன்" என்று பதில் வருகிறது. அரசன் ‘கன்றிய கள்வன்’ என்கிறான், பிறகு ‘கள்வனைக் கோறல்’ என்கிறான், கடைசியில் ‘யானே கள்வன்’ என்கிறான். ஒரு சொல் கோவலன் மேல் எறியப்பட்டு, ஊரெல்லாம் சுற்றி, எறிந்தவன் மேலேயே வந்து விழுகிறது. கடைசி வரி புகழ்பெற்றது என்பதால் அதைத் தொடாமல் விட்டு, முந்தைய இடங்களில் மட்டும் ‘திருடன்’ என்று மாற்றியிருப்பதைப் பல பிரதிகளில் காணலாம். அப்படிச் செய்தால் கயிறு அறுந்துவிடும். எல்லா இடத்திலும் கள்வன், அல்லது எல்லா இடத்திலும் திருடன். கலக்கவேண்டாம்.

இப்படி இரண்டு வாய்களில் திரும்பி வரும் சொற்களைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. வாயிற்காவலன் அரசனை வாழ்த்தும்போது "வாழி எம் கொற்கை வேந்தே" என்று தொடங்கி, "பழியொடு படராப் பஞ்சவ வாழி" என்று முடிக்கிறான். நீளமான வாழ்த்து, வேகத்துக்குத் தடை என்று எல்லாரும் முதலில் வெட்டுவது அதைத்தான். பிறகு கண்ணகி, "நற்றிறம் படராக் கொற்கை வேந்தே" என்கிறாள். காவலனுடைய வாழ்த்தையே எடுத்துத் திருப்பிப் போடுகிறாள். பழியோடு செல்லாதவன் என்றான் அவன், நல்ல வழியில் செல்லாதவன் என்கிறாள் இவள். வாழ்த்தை வெட்டினால் இந்த அடி காற்றில் தொங்கும். கொற்கை என்ற சொல்லையும் ‘பாண்டிய மன்னா’ என்று மாற்றவேண்டாம். கொற்கை முத்துக்குப் பேர்போன துறை. முத்துத்துறை அரசனே, என் சிலம்பில் இருப்பது முத்தல்ல என்று அவள் சொல்லப்போகிறாள். அரசன் முத்தென்று வாய் திறப்பதற்கு முன்னரே அந்த விளி முத்தைக் காட்டிவிடுகிறது.

இனி மாற்றியே தீரவேண்டிய சொற்கள். புரியாத சொல்லால் பெரிய ஆபத்தில்லை. ‘எள்ளறு சிறப்பின் இமையவர்’ என்று கேட்டால் பார்வையாளர் ஏதோ பெருமை என்று எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். ஆபத்து, புரிந்ததுபோல் தோன்றிப் பொருள் மாறிய சொல்லில்தான். இந்த 28 அடிக்குள்ளும் அதையொட்டியும் அப்படி மூன்று உண்டு.

‘என்கால் சிலம்பு பகர்தல் வேண்டி.’ இங்கே பகர்தல் என்பது விற்றல். இன்றைய காதில் அது சொல்லுதல். சிலம்பைப் பற்றிச் சொல்லக் கோவலன் மதுரைக்கு வந்தான் என்று கேட்பவர் நினைத்தால் கதையே போயிற்று. ‘விற்றல் வேண்டி’ என்று போடுங்கள், ஓசைக்கும் பெரிய கேடில்லை.

‘மடக்கொடியோய்.’ மடம் அன்று இளமையின் மென்மை, கள்ளமின்மை. இன்று அது மடமை, மடையன். அரசன் முதல் வாக்கியத்திலேயே அவளை முட்டாளே என்று அழைப்பதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அவன் கண்ணீர் வடியும் கண்ணைப் பார்த்துப் பரிவோடு கேட்கிறான். அந்தப் பரிவு போனால் அவன் முடிவில் உயிர்விடுவது நம்பும்படி இருக்காது. ‘இளங்கொடியே’ போதும்.

மூன்றாவது மணி. எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் இதுதான், ஏனென்றால் வழக்கே இதில்தான் நிற்கிறது. கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது "வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட" என்கிறாள். முதல் மணி, வாயிலில் தொங்கும் ஆராய்ச்சி மணி. இரண்டாவது, பசுவின் கண்மணி, கடைக்கண். பன்னிரண்டு பதின்மூன்று அடி கழித்து, "என்கால் பொற்சிலம்பு மணியுடை அரியே." இந்த மணி மாணிக்கம். அரி என்பது சிலம்பின் உள்ளே இடும் பரல். சற்றுமுன் காதில் ஒலித்த ஆராய்ச்சி மணியின் நினைவோடு இதைக் கேட்பவர், சிலம்பில் சலங்கைமணி இருப்பதாகத்தான் நினைப்பார். சிலம்பில் மணி இருப்பது இயல்புதானே, இதில் என்ன சாட்சி? மணி, முத்து என்ற வேறுபாடு காதில் விழாவிட்டால் சிலம்பை ஏன் உடைக்கிறாள் என்பதே தெரியாது. ‘என் கால் பொற்சிலம்பு மாணிக்கப் பரலே’, ‘நம்மிடம் உள்ள சிலம்பு முத்துப் பரலே’ என்று இரண்டையும் ஒரே அச்சில் வையுங்கள். ஒரே அச்சு என்பது முக்கியம். மூலத்தில் ‘மணியுடை அரியே’, ‘முத்துடை அரியே’ என்று ஒரு சொல் மட்டும் வேறுபட்டு இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றைச் செய்யுளாகவும் மற்றதை நீண்ட உரைநடையாகவும் எழுதினால் அந்த எதிர்நிலை குலையும்.

வாக்கியம் செல்லும் வரிசைக்கு வருவோம். ‘யாரையோ நீ’ என்று கேட்ட அரசனுக்கு அவள் உடனே பேர் சொல்வதில்லை. புறாவின் துயர் தீர்த்தவன் ஊர், பசுவுக்காகத் தன் மகனைத் தேர்ச்சக்கரத்தில் இட்டவன் ஊர், அது என் ஊர். அவ்வூரில் மாசாத்துவான் குடி. அக்குடியில் பிறந்து, உன் நகருக்கு வந்து, சிலம்பு விற்க வந்த இடத்தில் உன்னிடம் கொலைப்பட்டவன் கோவலன். அவன் மனைவி. பேர் கண்ணகி. ‘தேரா மன்னா’விலிருந்து எண்ணினால் பேர் வருவது பதினான்காம் அடியில். சோழன் செய்த நீதி முன்னே, பாண்டியன் செய்த கொலை பின்னே, அவள் கடைசியில். ‘என் பெயர் கண்ணகி. நான் புகார் நகரைச் சேர்ந்தவள்’ என்று தொடங்கும் உரைநடை, விண்ணப்பப் படிவம் நிரப்புகிற மாதிரி ஆகிவிடுகிறது. சொற்களை மாற்றுங்கள், வரிசையை மாற்றவேண்டாம். தமிழ் வாக்கியம் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் முடிவில் பெயரை வைக்க இடம்கொடுக்கிற மொழி. அதை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன வாக்கியமாக வெட்டுவது பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சுலபம் என்பார்கள். எதுகை மோனையோடு வரும் அகவல் அடிதான் உண்மையில் சுலபமாக மனத்தில் நிற்கும். ஏசா, இசை, மாசாத்து, வாழ்தல், ஊழ்வினை, சூழ்கழல் என்று ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்துக்கொண்டு வரும்.

மூச்சுக்கணக்கும் உண்டு. ‘தேரா மன்னா செப்புவ துடையேன்’ நான்கு சீர், ஒரே மூச்சு. நான்கு அடி எடுத்துவைத்து நின்றால் சொல்லும் காலும் ஒன்றாக நிற்கும். ‘ஆராய்ந்து பாராமல் தீர்ப்பளித்த மன்னனே, உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு’ என்பது பத்துச் சொல், நடுவில் மூச்சு வாங்கவேண்டும். மேடையில் மூச்சு வாங்கும் இடத்தில் கோபம் ஒரு படி இறங்கும். அதைச் சரிக்கட்டத்தான் நம் பிள்ளைகள் பழைய திரைப்பட வசனத்தின் பாணிக்குப் போய்விடுகிறார்கள். புதுமையாக்குகிறோம் என்று தொடங்கி, வேறொரு காலத்துப் பழமையில் போய் நிற்கிற கதை அது.

நீ, நீங்கள் பற்றியும் சொல்லவேண்டும். கண்ணகி அரசனை ‘நின்னகர்’, ‘நின்பால்’ என்கிறாள். அன்று ஒருவரை நீ என்பதில் அவமதிப்பு இல்லை, அரசனையும் புலவர்கள் நீ என்றுதான் பாடினார்கள். இன்று ‘உன் நகரம்’ என்றால் மரியாதைக்குறைவாகக் கேட்கும். ‘உங்கள் நகரம்’ என்றால் அவள் பணிந்து நிற்பதாகக் கேட்கும். இரண்டும் மூலத்தில் இல்லை. ‘நின்’ என்பதையே வைத்துக்கொள்வதுதான் வழி. அது யாருக்கும் விளங்கும், ஆனால் நம் தினசரிப் பேச்சில் இல்லாததால் மரியாதையும் இல்லாமல் அவமரியாதையும் இல்லாமல் நிற்கும்.

யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழ் நாடகங்களில் இதே பிரச்சினை வேறு வடிவில் வரும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ என்ற தொகுப்பை வெளியிட்டுக் குடாநாட்டுப் பேச்சை நாடகத்தில் நிறுத்தினார். அந்த வழக்கு இப்போது தானே ஒரு பழந்தமிழாகிவிட்டது. அந்த மாதிரி நாடகத்தைக் கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்காகத் திருத்தும்போது முதலில் போவது ‘நீர்.’ நம் யாழ்ப்பாணத்தில் மூன்று படி உண்டு: வா, வாரும், வாருங்கோ. மலேசியத் தமிழில் வா, வாங்க என்று இரண்டே. நீர் என்று பேசிக்கொண்டிருந்த கணவன், சண்டை தொடங்கும் கணத்தில் நீ என்று இறங்குவான். அந்த ஒற்றெழுத்துத்தான் சண்டையின் முதல் அடி. எல்லாவற்றையும் நீ ஆக்கினால் அந்த இடம் காதில் விழாது, எல்லாவற்றையும் நீங்க ஆக்கினால் குடும்பமே விருந்தாளிகளாகிவிடும். நீர் என்பதை அப்படியே விடுங்கள். இரண்டு காட்சி கேட்டால் சபை பழகிவிடும்.

உது, உவன், உங்கை என்பவையும் அப்படியே. உது என்றால் கேட்பவருக்கு அருகில் உள்ளது. ‘உதை இஞ்ச கொண்டாரும்’ என்றால் பொருள் யார் கையில் இருக்கிறது, நடிகர் எங்கே பார்க்கவேண்டும் என்பதெல்லாம் அந்த ஓர் எழுத்தில் உண்டு. ‘அதை இங்கே கொண்டு வாங்க’ என்று மாற்றினால் பார்வை எங்கேயோ தூரத்துக்குப் போகும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ‘உங்கள் கையில் இருக்கிறதை’ என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேக்ஸ்பியரிலும் இந்தப் படிகள் உண்டு. ஹாம்லெட்டின் தாய் மகனை ஒருமையில் விளித்து, உன் தந்தையை நீ மிகவும் நோகச்செய்தாய் என்கிறாள். அவள் சொல்வது இரண்டாவது கணவனை. மகன் பன்மையில் திருப்புகிறான்: தாயே, என் தந்தையை நீங்கள் மிகவும் நோகச்செய்தீர்கள். அவன் சொல்வது இறந்தவனை. இக்கால ஆங்கிலத்துக்கு மாற்றிய பதிப்புகளில் இருவர் வாயிலும் ஒரே சொல்தான் இருக்கும். அதை வைத்துத் தமிழாக்குபவருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. தமிழில் அந்த வேறுபாட்டைக் காட்ட வசதி இருந்தும் இழந்துவிடுகிறோம். ஆகவே மூலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்யவேண்டும். விபுலானந்த அடிகள் 1926இல் வெளியான மதங்கசூளாமணியில் சேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ ஆக்கி, அவருடைய பன்னிரண்டு நாடகங்களை எடுத்து ஆராய்ந்தார். பெயரைத் தமிழாக்கும் துணிவும் மூலத்தை விடாத கவனமும் ஒருவரிடமே இருக்க முடியும் என்பதற்கு அவரைவிட வேறு சான்று தேவையில்லை.

அப்படியென்றால் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கவைப்பது? நம் மரபிலேயே விடை இருக்கிறது. கூத்தில் அரசன் விருத்தம், தரு என்ற பாட்டுகளில் பேசுவான், அவன் வரவை அறிவித்துச் சபையைச் சிரிக்கவைக்கும் கட்டியக்காரன் ஊர்ப்பேச்சில் பேசுவான். தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் அந்த வேலையைச் செய்கிறார். வடமொழி நாடகத்தில் அரசன் சமஸ்கிருதத்திலும் பெண்களும் விதூஷகனும் பிராகிருதத்திலும் பேசினார்கள். பழைய நாடகம் ஒரே மொழியில் ஓடியதில்லை. எல்லாரையும் இன்றைய தமிழுக்குக் கொண்டுவந்தால் கட்டியக்காரனுக்கு நிற்க இடமில்லை, அவனுடைய நகைச்சுவையும் செத்துவிடும். எனவே அகவலைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, முன்னால் ஒரு கட்டியக்காரனைக் கோலாலம்பூர்த் தமிழில் பேசவிடுங்கள். மூன்று நிமிடம் போதும். அவன் கையில் இரண்டு சிலம்பு. ‘இது அரசியோடது, உள்ளே முத்து. இது கண்ணகியோடது, உள்ளே சிவப்புக் கல்லு. பரல்னு சொல்வாங்க.’ குலுக்கிக் காட்டட்டும். தேர்தல், கோறல் என்ற இரண்டு சொல்லையும் அவனே சபைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அதற்குப் பிறகு கண்ணகி பழந்தமிழில் பேசினாலும் ஒருவரும் தடுமாறமாட்டார்கள்.

நீளம் அதிகம் என்றால் வெட்டுங்கள். வெட்டுவது வேறு, மொழியை மாற்றுவது வேறு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் விடிய விடிய ஆடிய கூத்தை ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கி மண்டப மேடைக்குக் கொண்டுவந்தார். ஆட்டமும் பாட்டும் கூத்தாகவே இருந்தன. நாமும் கண்ணகியின் ஊர்ப்பெருமையில் இரண்டடி குறைக்கலாம், காவலன் கண்ணகி எந்தத் தெய்வமும் அல்லள் என்று அடுக்கும் வரிசையில் பாதியை விடலாம். விட்ட பிறகு மேலே சொன்ன எதிரொலிகள் அறுந்திருக்கின்றனவா என்று ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்கவேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றொருவர் தாளில் நான்கு பத்தி போட்டுக் குறிக்கட்டும்: தன்னைச் சொல்லும் சொல், எதிரிலிருப்பவரைச் சொல்லும் சொல், இரண்டு வாயில் வரும் சொல், பொருள் மாறிய சொல். முதல் மூன்றையும் தொடாமல் நான்காவதை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

சிலம்பு செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பித்தளைச் சிலம்பு மேடையில் உடையாது. களிமண்ணில் இரண்டு அரைவட்டம் செய்து காயவைத்து, உள்ளே பெரிய சிவப்புக் கண்ணாடி மணிகளைப் போட்டு, ஒட்டிப் பொன்வண்ணம் பூசுங்கள். ஒட்டிய இடத்தில் மெல்லிய கீறல் ஒன்று விடவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று தடவை அடிக்கவேண்டி வரும், சபை சிரித்துவிடும். உடைக்கும் பெண் அரசனுக்கு நேரே நின்று உடைக்கவேண்டும். "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே." மணி அவன் பக்கம் தெறிக்கவேண்டும், சபைப் பக்கம் அல்ல. பேசிய வாயருகே போய் விழுகிறது சாட்சி.

கடைசியில் அரசி. "கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்" என்று சொல்லி, அரசனின் அடிதொழுது விழுகிறாள். கொப்பியில் இதற்கு ‘கணவனை இழந்த பெண்ணுக்கு வாழ்வே இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். அது வேறு கருத்து, கைம்பெண் வாழத் தகாதவள் என்பதுபோல் ஆகிவிடுகிறது. உரை சொல்லும் பொருள் நுட்பமானது. தாய் தந்தையரை இழந்தவர்க்கு வேறொருவரைக் காட்டி, இவரை அப்படி நினைத்துக்கொள் என்று தேற்றலாம். கணவனை இழந்தவளுக்கு அப்படிக் காட்ட எவரும் இல்லை. அவள் அதைத் தனக்காகச் சொல்கிறாள், எதிரே நிற்கும் கண்ணகிக்கும் அது பொருந்துகிறது. ‘கணவனை இழந்தோர்க்குக் காட்ட ஒன்றும் இல்லை’ என்று வையுங்கள். அரசியாக நடிக்கும் பிள்ளை அழவேண்டாம். ‘காட்ட’ என்னும்போது கண்ணகியை நோக்கித் தன் வெறுங்கையை விரிக்கட்டும். கண்ணகியின் கையிலும் அப்போது ஒன்றும் இருக்காது, சிலம்பு உடைந்து கீழே கிடக்கிறது.